எட்டாவது ஆப்பு

1

இந்த நவம்பரோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஏற்காட்டை விட்டுக் கிளம்பிய தேதியை வருஷா வருஷம் என் கணவர்தான் ஞாபகம் வைத்திருந்து ஒரு கேக் வாங்கி வருவார். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் நித்யா செப்டம்பரில் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஆகவே இந்த வருஷம் உப்புமா கிண்டி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எட்டேகால் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மழை பெய்தது. இந்த ஊரில் மழை பெய்தது என்று எழுதுவதே வெட்டி வேலை.

என் வேலை என்னவென்று ஊரில் யாராவது கேட்டால் என் தம்பி, "ஏலக் கம்பெனி" என்று சொல்லிவிடுகிறான். அவர்கள் எஸ்டேட் மிளகு ஏலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது செத்தவர்கள் வீட்டுச் சாமான் ஏலம். நாற்காலி, கடிகாரம், பீங்கான், படம் என்று வண்டி வண்டியாக வரும். கூட்டிப் பெருக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். கன்னியாஸ்திரீகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து எனக்கு இருந்ததால் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். பிறகு படங்களின் பதிவேடு என் கைக்கு வந்தது. அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

படங்களில் பெரும்பாலானவை நகல்கள். பெரிய ஓவியர் ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு மாதாவை வரைந்திருப்பார். அதைப் பார்த்து அவருடைய சீடர்கள், பிறகு மாணவர்கள், பிறகு பொழுது போகாத சீமாட்டிகள் என்று காலம் காலமாக வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நகலென்றால் மதிப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருநூறு வருஷத்து நகலுக்குத் தனி மரியாதை உண்டு. இருபது வருஷத்து நகலுக்குச் சட்டத்தின் விலைதான் கிடைக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் எங்கள் படப் பிரிவின் தலைவர் மிஸ்டர் ஹோல்ட்டின் வேலை. அவர் படத்தின் முகத்தை அரை நிமிஷம் பார்ப்பார், முதுகை அரை மணி நேரம் பார்ப்பார். வண்ணத்தில் வெடிப்பை அடுப்பில் வைத்தே வரவழைக்கலாம், மரத்துக்கும் ஆணிக்கும் அவ்வளவு சுலபமாக வயசைக் கூட்ட முடியாது என்பது அவர் கட்சி.

அவர் என்னைச் சாரா என்று கூப்பிடுவார். சரஸ்வதி என்று முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு எனக்கே அலுத்துவிட்டது.

2

அக்டோபரில் ஒரு மாதா படம் வந்தது. நீல முக்காடு, மடியில் பிள்ளை, கையில் ஒரு சின்னப் புத்தகம். வார்னிஷ் கெட்டித் தேன் நிறத்துக்கு மஞ்சளித்திருந்தது. ஹோல்ட் அதை மேசையில் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"வண்ணத்தைப் பார்த்தால் இருநூறு வருஷம் சொல்வேன். மரம் ஒத்துவரவில்லை. என்ன மரம் இது? இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்றார்.

துணியை இழுத்துக் கட்டுகிற உள்சட்டத்தைத்தான் சொன்னார். நான் பக்கத்து மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சும்மா எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

அது சில்வர் ஓக். காப்பிச் செடிக்கு நிழலுக்காக எங்கள் மலை முழுக்க நட்டிருக்கிற மரம். அறுத்து இழைத்தால் செதில் செதிலாக மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தேன், எங்கள் வீட்டுப் பின்னால் அப்பாவின் பட்டறை இருந்தது. நான் சட்டத்தைத் திருப்பி, வெளிச்சம் படாத உள்மூலையை விரலால் தடவினேன். அங்கே காய்ந்துபோன மஞ்சள் பொட்டும் நடுவில் குங்குமமும் இருந்தன. அப்பா எந்த வேலையையும் முதல் கட்டைக்குப் பொட்டு வைக்காமல் தொடங்கமாட்டார். பங்களாக்காரர்களுக்குப் பிடிக்காதோ என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைப்பார்.

சட்டத்தின் மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்பு இருக்க வேண்டும். துணி தளரும்போது ஆப்பைத் தட்டினால் சட்டம் விரிந்து துணி இறுகும். இதில் ஏழுதான் இருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் மேலே இடது மூலையில் ஒன்று இல்லை. அந்த மூலையில் துணி தொய்ந்து சுருக்கம் விழுந்திருந்தது.

"எனக்குத் தெரியும் இந்த மரம்" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் மலையில் எஸ்டேட் துரைசாணிகள் மத்தியானங்களில் சேர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தில் அச்சடித்த படங்களைப் பார்த்துப் படம் வரைவார்கள், அவர்களுக்குச் சட்டம் செய்துகொடுத்தது என் அப்பா, இது நிச்சயம் அந்த மாதிரிப் படம், வயது முப்பதைத் தாண்டாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறியது. ஆறாயிரம் மைல் தாண்டி அப்பாவின் கை வந்து என் மேசையில் கிடக்கிறது, அதைச் சொல்ல எனக்கு இங்கே ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சாரா, இத்தனை நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்றார். அங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. விவரப் பட்டியலில் 'பதினெட்டாம் நூற்றாண்டு' என்பதை அடித்துவிட்டு, 'இந்தியாவில் வரைந்த அண்மைக்கால நகல்' என்று போட்டார்கள். புது வருஷத்திலிருந்து என்னைப் பட்டியல் எழுதுகிறவளாகப் போடப்போவதாக ஹோல்ட் சொன்னார்.

3

விவரம் மாறினால் உடைமைக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டைப் பார்த்தேன். மிஸ் பார்லோ, ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இருப்பவர். படத்தைக் கொண்டுவந்தது அவருடைய அண்ணன் மகன். படத்தின் பணத்தில்தான் அந்த இல்லத்தில் அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் நல்ல அறை தரமுடியும் என்று அந்த அண்ணன் மகன் எழுதியிருந்தார்.

நாகலூர் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த பார்லோ குடும்பத்தில் ஏற்காட்டில் கடைசிவரை இருந்தவர் மிஸ் பார்லோ. நான் கிளம்பிய அதே வாரம் அவரும் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனதாக எல்லோரும் சொன்னார்கள். பிறந்தது ஏற்காட்டில், அவருடைய அப்பா பிறந்ததும் ஏற்காட்டில். எங்கிருந்து எங்கே திரும்பினார் என்று எனக்குப் புரியவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். சன்னலோரம் கம்பளிக்குள் சின்ன உருவமாக உட்கார்ந்திருந்தார். ஏலக் கம்பெனியிலிருந்து வருகிறேன், எனக்கும் ஏற்காடுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"ஏற்காட்டுல எங்க?"

"நாகலூருங்க. மாரிமுத்து ஆசாரி மகளுங்க."

"ஆசாரி மவளா? கலியாணங் கட்டிக்கிட்டுச் சீமைக்குப் போனவ? உக்காரு கண்ணு. அந்தக் கதவச் சாத்திட்டு வா, நொம்பக் குளுருது."

என்னிடம் நொம்ப என்று யாரும் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது. கதவைச் சாத்தப் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினேன். இந்த ஊரில் எங்கள் பேச்சைப் பேச மிச்சமிருந்த ஒரே ஆள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அதுவும் இத்தனை நாள் மூன்று மைல் தள்ளி இருந்திருக்கிறார்.

ஒண்டிக்கடை முக்கில் இன்னும் அந்த ரொட்டிக் கடை இருக்கிறதா, தலைச்சோலைக்குப் பஸ் விட்டுவிட்டார்களா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். பிறகு படிவத்தை எடுத்தேன்.

"படம் பழசு இல்லீங்கம்மா. நம்ம ஊர்லயே வரைஞ்சதுங்க. சட்டம் எங்கப்பா செஞ்சதுங்க."

"எங்க தாத்தா இத்தாலியில வாங்குனது அது. கப்பல்ல வந்துச்சுன்னு சொல்லுவாங்க."

எங்கள் ஏலக் கம்பெனிக்கு வருகிற எல்லாருடைய தாத்தாவும் இத்தாலியில்தான் படம் வாங்கியிருப்பார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்போம். பாஸ்போர்ட் ஆபீசிலும் பென்ஷன் ஆபீசிலும் என்னைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே சிரிப்பை அன்று நான் அவரிடம் சிரித்தேன்.

"மரம் சில்வர் ஓக்குங்கம்மா. அதுல சந்தேகமே இல்லீங்க."

கொஞ்சம் யோசித்தார். "ஆசாரி மவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொடுக்கும்போது, "அப்ப வெல கம்மியாப் போவுமா?" என்றார்.

"ஆமாங்க."

"பொறவு சன்னல் இல்லாத ரூமுக்கு மாத்துவாங்க. போவுது. வெளிய என்ன இருக்குது, காரு நிறுத்தற எடந்தான்."

4

நித்யா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆறு வயது வரை தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், குழந்தை குழம்புகிறாள் என்றார். நாங்களும் பயந்துகொண்டு பேசினோம். குழம்பினது நாங்கள்தான்.

படத்தின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அபூர்வமாக அவசரப்படவில்லை. கடைசியில், "அம்மா, அது உங்க ஊர்ப் படமா இருக்கணும்னு உங்களுக்கு அவ்வளவு ஆசையா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரம் கண்ணெதிரே கிடக்கிறது, இதில் ஆசை எங்கே வந்தது என்று சத்தம் போட்டேன். அவள் சரி சரி என்று போனை வைத்துவிட்டாள். அவள் கேட்டது இரண்டு நாள் காதிலேயே நின்றது. என் வாய்ச்சொல்லை நம்பி ஒரு கிழவி சன்னலை விட்டுக்கொடுத்திருக்கிறார். அதனால் அப்பாவுக்கு எழுதினேன். பார்லோ துரைசாணியம்மாவுக்குச் சட்டம் செய்தது ஞாபகம் இருக்கிறதா, அந்த மாதா படம் யார் வரைந்தது என்று கேட்டேன். என் பக்கம் சரி என்று மகளுக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதில் பாதி.

அப்பாவின் கடிதங்களைத் தம்பிதான் எழுதுவான், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறான். அப்பா சொல்வதைச் சொன்னபடியே எழுதுவான். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி மாறாது: "எப்ப வர்றே கண்ணு." நானும் மாறாமல், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை போனேன், அம்மா இறந்து நாற்பது நாள் கழித்து.

5

ஏலம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை தபாலாபீசிலிருந்து சீட்டு வந்தது, வெளிநாட்டு உறை ஒன்று இருக்கிறது, நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று. போனேன். உறையின் மேல் பச்சைச் சீட்டில் தம்பி ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பொருள்: மரத்துண்டு ஒன்று. மதிப்பு: எதுவுமில்லை.

"மதிப்பில்லாததை ஏன் ரிஜிஸ்டர் செய்து அனுப்பியிருக்கிறார்கள்?" என்று தபாலாபீஸ்காரர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். என் எதிரிலேயே பிரிக்கச் சொன்னார். விரல் நீளத்துக்கு ஒரு சில்வர் ஓக் ஆப்பு இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூச்சி இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார். வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தேன்.

"கண்ணு, அப்பா சொல்லித் தம்பி எழுதறது. அந்தம்மா ஊட்டுப் படம் நல்லா ஞாபகம் இருக்குது. அது பழசு, நொம்பப் பழசு. கட்டையக் கரையான் அரிச்சுப்போட்டுது, வேற கட்ட போட்டுக் குடு ஆசாரின்னாங்க. துணியில நான் ஆணியப் புடுங்கிப் புது ஆணி அடிச்சது தவிர ஒண்ணும் பண்ணல. பழைய ஓட்டையிலயே அடிச்சாக் கிழிஞ்சு போயிருமின்னு ஒவ்வொரு ஆணியும் தள்ளித் தள்ளி அடிச்சேன். ஓரத்துல பாரு, தெரியும்.

"பழைய கட்டையில இருந்தாப்பலயே எட்டு ஆப்பு சீவுனேன். ஏழு அடிச்சேன். எட்டாவது அடிக்கறதுக்குள்ள உன்னையச் சேலத்துக்குக் கூட்டிப்போற காரு வந்துருச்சு. அப்படியே வெச்சுப்போட்டு உன்னை ஏத்தியுட வந்துட்டேன். சேலம் வந்து ரயிலு கிளம்பி நான் ஊடு திரும்பறதுக்குள்ள, பெட்டி கட்டோணுமின்னு அந்தம்மா ஆளனுப்பிப் படத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அரைகொறை வேலை குடுத்துட்டமேன்னு எனக்கு இன்னிக்கும் மனசுல இருக்குது. ஆப்பை உளிப் பெட்டியிலயே வெச்சிருந்தேன், இப்ப அனுப்பியிருக்கறேன். பின்னால இருந்து பாத்தா மேல எடது மூல. மெதுவாத் தட்டு. இப்படிக்கு, அப்பா."

நேரே வேலைக்குப் போய்ப் படத்தைக் கவிழ்த்து, துணியின் மடிப்போரத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அப்பா அடித்த ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் துருக்கறை படிந்த ஒரு பழைய ஓட்டை இருந்தது. நாலு பக்கமும் வரிசை தவறாமல் இருந்தது. வேறொரு சட்டத்தில் நெடுங்காலம் இருந்த துணி என்று சீட்டு எழுதுகிற எனக்கே தெரியும். ஆனால் கட்டை அப்பாவுடையது என்று கண்டதும் நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நித்யா கேட்டது சரி. எனக்கு ஆசைதான். இந்த நாட்டில் ஏதாவது ஒன்று முழுசாக என் ஊரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு படத்தின் வயதில் நூற்றெழுபது வருஷத்தைக் குறைத்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பட்டியல் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. புது வருஷத்து வேலை போகும். துரைசாணியம்மா கையெழுத்தும் போட்டுவிட்டார். கோட் பையில் அந்த ஆப்பு இடித்துக்கொண்டே இருந்தது. ஹோல்ட்டின் அறைக்குப் போய், "நான் தப்பு செய்துவிட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து வந்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதை நான் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அது உண்மை, பெருந்தன்மையும்கூட. ஆனால் புது வருஷத்துப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆப்பைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "உங்கள் அப்பாவின் வேலை. நீங்களே முடித்துவிடுங்கள்."

மூலையில் வைத்து, சுத்தியின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினேன். இழைப்புளி போடாமலே கச்சிதமாக உள்ளே போனது. படத்தைத் திருப்பிப் பார்த்தபோது அந்த மூலைச் சுருக்கம் போயிருந்தது.

6

ஏலத்தன்று அந்தப் படத்தின் எண் வந்ததும் திருத்தத்தை வாசித்தார்கள். சட்டம் இந்தியாவில் மாற்றப்பட்டது, துணியும் வண்ணமும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று. கறுப்புக் கோட்டு போட்ட இருவர் மாறி மாறிக் கையைத் தூக்கினார்கள். இருநூறு வருஷத்து நகலுக்கு என்ன மரியாதையோ அது கிடைத்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். படத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் முதுகைப் பார்த்தேன். எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், அது விதி.

மறுநாள் மிஸ் பார்லோவிடம் போனேன்.

"நாந்தாங்க தப்பாச் சொல்லிட்டேன். உங்க தாத்தா வாங்குனதுதாங்க. இந்த ரூம் உங்களுக்குத்தாங்க."

அவர் அதற்குப் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, கோபப்படவும் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி சொகமா இருக்காரா? இப்ப வயசென்ன?"

"எழுவத்தெட்டுங்க. வேலையெல்லாம் வுட்டுட்டாருங்க."

"நீ எப்பப் போறே?"

"போகோணுங்க. அடுத்த வருஷம் பாக்கலாமின்னு."

"நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன் கண்ணு" என்றார்.

பஸ்ஸில் அப்பாவின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எத்தனையோ தடவை படித்தாயிற்று, அப்போதெல்லாம் ஆணியையும் ஆப்பையும்தான் படித்திருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன். கடைசி வரி இல்லை. மெதுவாத் தட்டு, இப்படிக்கு, அப்பா, அவ்வளவுதான். தம்பி விட்டிருக்கமாட்டான், இடமும் தாராளமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அப்பா கேட்கவில்லை. செய்ய வேண்டிய பாக்கி வேலை அந்த ஒரு ஆப்புதான் என்பதுபோல அதை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, டிராவல் ஏஜென்சிக்குப் போனேன். மறுநாள் விடுப்புப் படிவத்தை ஹோல்ட்டிடம் கொடுத்தேன். மார்ச் முழுவதும், காரணம்: அப்பா. போன் செய்து சொன்னபோது நித்யா, என்னால் வரமுடியாது என்றாள். நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு, தாத்தா பட்டறையில் அந்த மரத்துண்டு ஒன்று கிடைத்தால் எடுத்துவரச் சொன்னாள்.

அப்பாவுக்கு மூன்று வரிதான் எழுதினேன். "ஆப்பு அடித்தாயிற்று. துணி நன்றாக இறுகிவிட்டது. மார்ச் முதல் ஞாயிறு மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன்." அடுத்த வருஷம் என்று இத்தனை காலம் எழுதியவள் சொன்னால் அவர் நம்புவாரோ என்னவோ என்று, டிக்கெட்டின் நகலையும் அந்த உறைக்குள் மடித்து வைத்தேன்.